நாடாளுமன்ற வாசலில் ஐந்து பரங்கைகள்

பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை, கேசோன் நகரத்தின் வடகிழக்கே பதாசான் ஹில்ஸ் என்னும் மேட்டுப்பகுதியில் கூடுகிறது. சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சியில், 1978இல் திறக்கப்பட்ட கட்டிடம் அது. அதைச் சுற்றி இருக்கும் பதாசான் ஹில்ஸ், காமன்வெல்த், பயாதாஸ், ஹோலி ஸ்பிரிட், பகோங் சிலாங்கான் ஆகிய ஐந்து பரங்கைகளும் (ஆகச் சிறிய ஆட்சி அலகுகள்) சேர்ந்ததுதான் நகரத்தின் இரண்டாம் தொகுதி. ஆறு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே வாழ்கிறார்கள். தலைநகர் வட்டாரத்திலேயே தலைக்கு மிகக் குறைவான பிரதிநிதித்துவம் பெற்றவர்களின் வரிசையில் இவர்களும் இருக்கிறார்கள். சட்டம் இயற்றும் சபைக்கு இவ்வளவு அருகில் வாழும் மக்களுக்கு ஆட்சியில் இவ்வளவு மெலிந்த குரல் வாய்த்தது எப்படி? தற்செயலாக நேர்ந்தது அல்ல இது. எல்லைக்கோடுகள் வரையப்பட்ட காலமும், சாலைகள் போடப்பட்ட விதமும், பிறகு அவற்றைத் திருத்தாமல் விட்ட அரசியலும் சேர்ந்து உண்டாக்கிய நிலை.

கேசோன் நகரம் ஒரு மனிதரின் விருப்பத்திலிருந்து பிறந்தது. அமெரிக்க ஆட்சியின்கீழ் அமைந்த காமன்வெல்த் அரசின் தலைவர் மானுவெல் கேசோன், நெரிசலும் கடலோர ஆபத்தும் நிறைந்த மணிலாவுக்கு வெளியே புதிய நகரம் ஒன்றைக் கட்ட நினைத்தார். துவாசோன் குடும்பத்தின் தீலிமான் பண்ணை நிலத்தை அரசு வாங்கியது. 1939 அக்டோபர் 12இல் 502ஆம் காமன்வெல்த் சட்டம் நகரத்தை உருவாக்கியது. சுற்றியிருந்த கலோகான், சான் குவான், மரிக்கினா போன்ற ஊர்களிலிருந்து நிலம் வெட்டி எடுக்கப்பட்டது. முதல் மேயர் தோமாஸ் மொராத்தோ நியமிக்கப்பட்டவர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் அல்ல. நகரம் முதலில் வரைபடத் தாளில்தான் எழுந்தது. மையத்தில் நீள்வட்டச் சாலை, அதையொட்டி நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் அவென்யூக்கள் சூழ்ந்த பெரிய நாற்கரம், அங்கிருந்து கதிர்களாகப் பிரியும் அகன்ற சாலைகள். அந்த சவுத் அவென்யூ இன்று தீமோக் அவென்யூ. நீள்வட்டத்தின் நடுவே கேசோனின் நினைவுச் சின்னம் நிற்கிறது.

தீமோக், தோமாஸ் மொராத்தோ அவென்யூக்களை ஒட்டிய தெருக்களுக்கு வரிசையாக 'ஸ்கவுட்' என்று தொடங்கும் பெயர்கள் உண்டு. 1963இல் கிரேக்கத்தில் நடந்த உலக சாரணர் விழாவுக்குப் புறப்பட்ட பிலிப்பைன்ஸ் சாரணர் குழு சென்ற விமானம், ஜூலை 28 அன்று பம்பாய்க்கு அருகே அரபிக்கடலில் விழுந்தது. குழுவில் இருந்த 24 பேரும் இறந்தார்கள். அவர்களின் பெயர்களே அந்தத் தெருக்களுக்கு. இன்று உணவகங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் நிறைந்த வட்டாரம் அது. இப்படி ஒரு நகரம் தன் பிள்ளைகளைத் தெருத்தெருவாக நினைவில் வைத்திருப்பதை நான் மனமார மதிக்கிறேன். அந்தத் தெருக்கள் இருப்பது திட்டமிட்டுக் கட்டப்பட்ட தெற்கில். வடக்கின் கதை வேறு.

1948இல் நகரம் நாட்டின் தலைநகராக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி நோவாலிச்செஸ் முதலான வடபகுதி ஊர்கள் கலோகானிடமிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டன. இதனால் கலோகான் ஒன்றையொன்று தொடாத இரு துண்டுகளாக இன்றும் கிடக்கிறது. 1976இல் மணிலா மீண்டும் தலைநகரானபோது கேசோன் நகரம் பட்டத்தை இழந்தது. ஆனால் அரசு அலுவலகங்களுக்கென்று ஒதுக்கிய நிலம் வடக்கே பரந்து கிடந்தது. அங்கே வேலையும் வீடும் தேடி வந்த ஏழைகள் குடிசை போட்டார்கள். மணிலாவின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அரசு மையத்துக்கான அந்த நிலத்தில் குடியிருந்தவர்களுக்கே மனை ஒதுக்கும் பிரகடனங்கள் 1987இலும் 1993இலும் வந்தன. 2003இல் 9207ஆம் குடியரசுச் சட்டம் அதை உறுதிசெய்தது. நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து வாழும் மக்களில் பெரும்பகுதியினர், தங்கள் காலடி நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராடியவர்கள்.

பயாதாஸ் அவர்களின் மற்றொரு துயரம். மணிலாவின் ஸ்மோக்கி மவுண்டன் குப்பைமேடு மூடப்பட்டபின் தலைநகர் வட்டாரத்தின் குப்பையில் பெரும்பங்கு இங்கே வந்து குவிந்தது. 2000 ஜூலை 10 அன்று, நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு, குப்பை மலை சரிந்து அடிவாரக் குடிசைகளைப் புதைத்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திறந்த குப்பைமேடுகளுக்கு முடிவுகட்டும் தேசியச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. குப்பைக் கிடங்கு முழுதாக மூடப்பட்டதோ 2017இன் இறுதியில்.

இனி எல்லைகளுக்கு வருவோம். பரங்கை என்பது பிலிப்பைன்ஸின் ஆகச் சிறிய ஆட்சி அலகு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள், ஓர் இளைஞர் மன்றத் தலைவர். மக்கள் பேச்சில் தலைவர் 'கப்பித்தான்', உறுப்பினர் 'காகவாட்'. குடியிருப்புச் சான்று தருவது, தெருவிளக்கு, வடிகால், சுகாதார நிலையம், குழந்தைகள் காப்பகம், இரவுக் காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஊருக்குள் வசிப்பவர்களுக்கு இடையிலான வழக்குகளில் பெரும்பாலானவை நீதிமன்றம் போகுமுன் பரங்கையின் சமரசக் குழுவுக்கு வந்தாக வேண்டும் என்பது சட்டம். வறியவருக்கு அரசு என்றால் முதலில் பரங்கை மன்றம்தான். மேயர் எங்கோ தூரத்தில் இருப்பவர்.

கேசோன் நகரத்தில் 142 பரங்கைகள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 29,60,048. நாட்டிலேயே மிக அதிகம். அந்த 142 பரங்கைகள் ஆறு தொகுதிகளுக்கும் எப்படிப் பங்காகின்றன என்று பார்த்தால் விஷயம் துலங்கும். முதல் தொகுதியில் 37, மூன்றாவதில் 37, நான்காவதில் 38, ஐந்தாவதில் 14, ஆறாவதில் 11. இரண்டாவதில் ஐந்தே ஐந்து. பழைய தெற்கில் வீடுகள் முன்பே நெருங்கியிருந்ததால் அங்கே எல்லைகள் தெருக்கணக்கில் வகுக்கப்பட்டன. வடக்கு அப்போது புல்வெளியும் வயலும். ஒரு பெரிய வட்டம் போட்டால் போதும் என்று நினைத்திருப்பார்கள். பிறகு மக்கள் வந்து நிறைந்தார்கள். கோடுகள் அப்படியே நின்றுவிட்டன.

இன்று காமன்வெல்த் என்ற ஒரே பரங்கையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். தலைநகர் வட்டாரத்தில் புதிய பரங்கை அமைக்க 5,000 பேர் இருந்தால் போதும் என்பது 1991 உள்ளாட்சிச் சட்டம். அதன் நாற்பது மடங்கு மக்களுக்கு ஒரே கப்பித்தான், ஏழு காகவாட். சமரசக் குழுவில் பத்து முதல் இருபது பேர்வரைதான் இருக்கலாம் என்ற வரம்பு, ஐயாயிரம் பேருக்கும் அதுவே, இரண்டு லட்சம் பேருக்கும் அதுவே. பக்கத்துச் சான் குவான் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த மக்கள்தொகை 2020இல் 1,26,347. ஒரு மேயர், ஒரு நகரமன்றம், 21 பரங்கைகள், பிரதிநிதிகள் சபையில் தனி உறுப்பினர் எல்லாம் அதற்கு உண்டு. அதைவிட மிகப் பெரிய காமன்வெல்த்துக்கு ஒரு பரங்கை மன்றம்.

பணமும் இந்தக் கோடுகளின் வழியாகவே பாய்கிறது. தேசிய வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கும் தொகையில் 20 விழுக்காடு பரங்கைகளுக்குப் போகிறது. அதைப் பகிரும்போது 60 விழுக்காடு மக்கள்தொகைக்கு ஏற்ப, 40 விழுக்காடு எல்லாப் பரங்கைகளுக்கும் சமமாக. இந்தச் சமப் பங்கு எங்கோ மலைநாட்டில் இருக்கும் சின்னஞ்சிறு பரங்கைக்கு உயிர்நாடி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நகரத்துக்குள் அதன் விளைவு என்ன? நான்காம் தொகுதியின் மக்களுக்கு 38 சமப் பங்குகள் வந்து சேர்கின்றன. அவர்களைவிட அதிகமான இரண்டாம் தொகுதி மக்களுக்கு ஐந்து. யாரும் விதியை மீறவில்லை. விதியே இவர்களைக் குறைத்துக் கொடுக்கிறது.

வாக்கிலும் அப்படித்தான். பரங்கைத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பான லீகாவின் தலைவர், பதவி வழியாக நகரமன்றத்தில் அமர்கிறார். லீகாவில் ஒரு பரங்கைக்கு ஒரு வாக்கு. ஆகவே இரண்டாம் தொகுதிக்கு அங்கே ஐந்து வாக்கு, நான்காம் தொகுதிக்கு 38. நகரமன்றத்தின் மற்ற இடங்களும் தொகுதிக்கு ஆறு உறுப்பினர் என்ற சமக் கணக்கில் உள்ளவை. மூன்றாம் தொகுதியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மக்கள் கொண்ட இரண்டாம் தொகுதியும் அதே ஆறு பேரைத்தான் அனுப்ப முடியும். என் பார்வையில், கேசோன் நகரத்தின் பிரதிநிதித்துவக் குறை ஆழமாகப் புண்பட்டிருப்பது இந்த அடித்தட்டில்தான். பேச்சு முழுக்க நாடாளுமன்றத் தொகுதிகளைப் பற்றியே நடப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது.

நாடாளுமன்றத் தொகுதிகளின் வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. 1972இல் மார்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவரும்வரை கேசோன் நகரத்துக்குத் தனித் தொகுதி கிடையாது. ரிசால் மாகாணத்தின் முதல் தொகுதிக்குள் அது அடங்கியிருந்தது. 1984இல் மார்கோஸின் பதாசாங் பம்பான்சா சபைக்கு நடந்த தேர்தலில் நகரம் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவர் செசிலியா முன்யோஸ் பால்மா. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர், சர்வாதிகாரத்தை எதிர்த்தவர். 1986 பிப்ரவரியில் எட்சா சாலையில், இதே நகரத்து இராணுவ முகாம்களின் வாசலில் மக்கள் திரண்டு மார்கோஸை விரட்டினார்கள். அதன்பின் புதிய அரசியலமைப்பை எழுதிய ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் அதே முன்யோஸ் பால்மா. அந்த 1987 அரசியலமைப்பு கேசோன் நகரத்துக்கு நான்கு தொகுதிகளை வகுத்தது.

அதே அரசியலமைப்பு இன்னொன்றும் சொன்னது: ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் மூன்று ஆண்டுக்குள் நாடாளுமன்றம் தொகுதிகளை மறுசீரமைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் அப்படி ஒரு மறுசீரமைப்பு ஒருமுறைகூட நடக்கவில்லை. தனித்தனிச் சட்டங்களால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதுத் தொகுதிகள் முளைத்தன. யாருக்குச் சபையில் செல்வாக்கு இருந்ததோ அவர்களுடைய மாகாணம் பிரிந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், ஒரு தொகுதிக்கு 2,50,000 மக்கள் வேண்டும் என்ற வரம்பு நகரங்களுக்கு மட்டுமே, மாகாணங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பத்தானெஸ் என்ற வடகோடித் தீவு மாகாணத்துக்கு 18,831 மக்களோடு ஓர் உறுப்பினர் இருக்கிறார். தனித் தீவுக்கூட்டத்துக்குத் தனிக் குரல் வேண்டும்தான். ஆனால் மேல்வரம்பு எதுவும் இல்லாததால், பெருநகரத்தின் தொகுதிகள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம் என்றாகிவிட்டது.

அப்படிப் பெருத்தது கேசோன் நகரத்தின் பழைய இரண்டாம் தொகுதி. நோவாலிச்செஸ், ஃபேர்வியூ, தந்தாங் சோரா, பதாசான் எல்லாம் ஒரே தொகுதியாக, முப்பது பரங்கைகளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஒரே உறுப்பினர், நகரமன்றத்தில் ஆறு பேர். 2012 ஜூலையில் 10170ஆம் குடியரசுச் சட்டம் வந்து அதை மூன்றாக உடைத்தது. 2013 தேர்தலில் ஐந்தாம், ஆறாம் தொகுதிகள் முதன்முறையாக வாக்களித்தன. கால் நூற்றாண்டு தாமதமானாலும் அது நல்ல சட்டம். நகரமன்றத்திலும் வடக்குக்குப் பன்னிரண்டு இடங்கள் கூடின. ஆனால் பரங்கைக் கோடுகளை அது தொடவே இல்லை. ஏழை மக்கள் அடர்ந்திருந்த ஐந்து பரங்கைகள் அப்படியே ஒரு தொகுதியாக எஞ்சின.

இதற்கு முன்பே வடக்கு மக்கள் வேறொரு வழியைத் தேடியிருக்கிறார்கள். நோவாலிச்செஸைத் தனி நகரமாக்கும் சட்டம் 1998இல் நிறைவேறியது. உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 1999 அக்டோபர் 23 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. பிரியப்போகும் பரங்கைகள் மட்டுமல்ல, கேசோன் நகரம் முழுதும் வாக்களித்தது. முடிவு: வேண்டாம். பாதிக்கப்படும் எல்லா அலகுகளும் வாக்களிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 1986இல் நீக்ரோஸ் தீவில் தாய் மாகாணத்தைக் கேட்காமல் புதிய மாகாணம் உருவாக்கியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அந்த நெறி நியாயமானதே. ஒரு பகுதி பிரிந்தால் எஞ்சிய நகரத்தின் வருவாயும் குறையும், அவர்களையும் கேட்டாக வேண்டும். ஆனால் நோவாலிச்செஸ்காரர்கள் என்ன விரும்பினாலும் அவர்களால் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாத நிலை அதனால் உறுதியாயிற்று. நகரமாகப் பிரியும் வழி அடைபட்டுவிட்டதால்தான் பரங்கையைப் பிரிக்கும் வழியை நாம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் சாலை. இரண்டாம் தொகுதியின் வாழ்வு முழுதும் காமன்வெல்த் அவென்யூவில் தொங்குகிறது. நீள்வட்டச் சாலையில் தொடங்கி 12.4 கிலோமீட்டர் ஓடும் இது நாட்டின் மிக அகலமான சாலை. சில இடங்களில் 18 தடங்கள். மார்கோஸ் காலத்தில் அவர் தந்தை மரியானோ மார்கோஸின் பெயரைத் தாங்கியிருந்தது. அகலம் வேகத்தை அழைத்தது, வேகம் உயிர்களைப் பறித்தது. 'கில்லர் ஹைவே' என்று நகரமே அழைக்கத் தொடங்கியது. 2011 மே மாதம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மூத்த பத்திரிகையாளர் ஒருவர் சென்ற டாக்சி மீது பேருந்து மோதி அவர் இறந்தபின், மணிக்கு 60 கிலோமீட்டர் வரம்பைக் கடுமையாக அமல்படுத்தினார்கள். லிட்டெக்ஸ் சந்தை முனையிலும் பதாசான் திருப்பத்திலும் காலையில் ஜீப்னி என்னும் சிற்றுந்துக்குக் காத்து நிற்கும் கூட்டத்துக்கு மாற்றுப் பாதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. தெற்கில் எந்தத் தெரு அடைபட்டாலும் அடுத்த தெரு இருக்கிறது. வடகிழக்கின் தெருக்கள் கிளை விட்டுக் கிளை விட்டு, கடைசியில் ஒரே அவென்யூவில் வந்து விழுகின்றன.

அந்த அவென்யூவை யார் ஆள்கிறார்கள்? பரங்கை அல்ல; நகரமும் முழுதாக அல்ல. தேசியச் சாலை என்பதால் பராமரிப்பு பொதுப்பணித் துறையான டிபிடபிள்யூஎச்சிடம். போக்குவரத்து ஒழுங்கு பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்எம்டிஏவிடம். 1995 சட்டத்தில் பிறந்த அந்த ஆணையத்தின் தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பெருநகர் மேயர்கள் அமரும் ஒரு மன்றம் அதற்கு உண்டு. பெருநகர மக்கள் அனைவரும் சேர்ந்து நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அங்கே இல்லை. எட்சா சாலைக்கும் இதே கதி. மாகாணத்துக்கு ஆளுநர் உண்டு. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் மணிலாப் பெருநகருக்கு அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் தொகுதிக்குள் சாலையும் வடிகாலும் போடவைக்கும் நிதி ஒதுக்கீட்டு முறை ஒன்று இருந்தது. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று நீக்கியது. தீர்ப்பு சரியானது. ஆயினும், தன் தெருவில் தார் போட வேண்டும் என்றால் உறுப்பினரைத்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் மாறவில்லை. பரங்கை வலுவாக இல்லாத இடத்தில் வேறு யாரைப் போய்ப் பார்ப்பார்கள்?

நகர அரசு தன் கைக்குள் இருப்பதைச் செய்யாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 இறுதியில், எட்டு வழித்தடங்களில் இலவசப் பேருந்துகளை விட்டது. நகர மன்றக் கட்டிடத்திலிருந்து லிட்டெக்ஸ் போகும் தடமும் அவற்றில் ஒன்று. அது இன்றும் ஓடுகிறது. மேயர் ஜாய் பெல்மோந்தே காலத்தின் நற்செயல்களில் இதை முதலில் வைப்பேன். எம்ஆர்டி-7 ரயில் பாதை வேலை 2016இல் தொடங்கியது. அதற்காகத் தந்தாங் சோரா மேம்பாலத்தை 2019இல் இடித்தார்கள். பாதை முழுதும் ஓடத் தொடங்கும்போது இந்த மக்களின் பயண நேரம் குறையும். ஆனால் நிலையம் எங்கே, தூண் எங்கே, எந்தக் கடை அகல வேண்டும் என்ற முடிவுகளில் அவர்களுக்கு இருந்த இடம் மிகச் சிறியது.

பரங்கைகளைப் பிரிக்க முடியுமா என்றால், பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கலோகானின் வடதுண்டில் உள்ள பகோங் சிலாங், 2020இல் 2,61,729 மக்களோடு நாட்டின் ஆகப் பெரிய பரங்கையாக இருந்தது. 2024இல் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 31 அன்று மக்கள் வாக்களித்து அதை ஆறாகப் பிரித்தார்கள். கேசோன் நகரத்துக்கு நாடாளுமன்றச் சட்டம்கூட அவசியமில்லை. நகரமன்றமே அவசரமின்றி எல்லை வகுத்து ஒரு விதி இயற்றலாம், பிறகு பொதுவாக்கெடுப்பு. காமன்வெல்த், பதாசான் ஹில்ஸ், பயாதாஸ் மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எதிர்வாதங்கள் வலுவானவை. பதவிகள் பெருகும், ஒரே குடும்பத்தார் பல நாற்காலிகளைப் பிடிப்பார்கள், மன்றக் கட்டிடத்துக்கும் சம்பளத்துக்கும் செலவாகும். பிலிப்பைன்ஸ் உள்ளூர் அரசியலில் குடும்ப ஆதிக்கம் வேரோடியிருப்பது உண்மை. வாரிசு ஆட்சியைத் தடைசெய்ய 1987 அரசியலமைப்பு சொன்ன பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் இரண்டு லட்சம் பேரைத் தேர்தலில் சந்திக்கப் பணம் வேண்டும். பணம் இருப்பவர் பழைய குடும்பத்தார்தான். பத்தாயிரம் பேர் கொண்ட பரங்கையில் ஜீப்னி ஓட்டுநர் சங்கத்துக்காரரோ சுகாதாரப் பணியாளரோ வீடு வீடாக நடந்து வாக்குக் கேட்க முடியும். செலவைப் பொறுத்தவரை, பிரிந்த ஒவ்வொரு துண்டும் தேசிய நிதியின் சமப் பங்கில் தனக்கென ஒன்றைப் பெறும். இதுவரை இவர்களுக்கு வராமல் போன பணம் அது.

பிரித்துவிட்டால் மட்டும் லீகாவின் தராசு சமன்படாது. பரங்கைத் தலைவர்களின் வாக்கை மக்கள்தொகைக்கு ஏற்ப எடைபோடவோ, நகரமன்ற இடங்களைத் தொகுதியின் அளவுக்கேற்பப் பகிரவோ உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் பதாசான் ஹில்ஸில் உள்ள அந்தக் கட்டிடத்தில்தான் தொடங்க முடியும். இரண்டாம் தொகுதியிலிருந்து அங்கே அமர்பவர் ஒருவர். முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் மற்றவர்களுக்கு, தங்கள் ஊர்களின் கோடுகள் அப்படியே இருப்பதில்தான் ஆதாயம்.